காந்தம் சொன்ன கதை

மலர்க் குழு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஹாஸ்டல் நினைவு ஏதாவது எழுதேன்டா" என்றார். அதற்கு நம் 1970–75 அணியில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் இந்த மலரில் மூன்று கட்டுரையாவது வரும். ஆகவே நான் மெஸ்ஸிலிருந்து ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எனக்குக் காட்டிய ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். கடைசியில் என் தப்பு ஒன்றும் வரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1973. எங்கள் உலோகவியல் பேராசிரியர் ஒரு நாள் வகுப்புக்குள் வரும்போது ஒரு கையில் மெஸ் டம்ளர், மறு கையில் லாட வடிவக் காந்தம்.

"எவர்சில்வர்ல காந்தம் ஒட்டுமா?"

"ஒட்டாது சார்!" என்று கோரஸாகச் சொன்னோம்.

டம்ளரைக் கவிழ்த்து அடியில் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. பிறகு விளிம்பில் வைத்தார். மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், டூப்ளிகேட் டம்ளர்!" என்றான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"டம்ளர் அசல்தான்ப்பா. தகடா இருந்தப்போ எங்கேயும் ஒட்டியிருக்காது. அடியை யாரும் இழுக்கலை. விளிம்பைத்தான் டையில போட்டு இழுத்திருக்காங்க. இழுத்த இடத்துல அந்த உருக்கு உள்ளுக்குள்ளே வேற உருக்கா மாறிடுச்சு."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருந்தது.

ஷெஃபீல்டின் இளைஞர்

கதை 1882-இல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆரம்பிக்கிறது. ராபர்ட் ஹாட்ஃபீல்டுக்கு அப்போது வயது 23. அப்பாவின் வார்ப்பு உருக்காலையில் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். உருக்கில் மாங்கனீஸ் கொஞ்சம் கூடினாலே நொறுங்கிப் போகும் என்பது அன்றைய அனுபவ அறிவு. அவர் அதோடு நிற்காமல் மேலே மேலே சேர்த்துப் பார்த்தார். மாங்கனீஸ் 12, 13 சதவீதமும் கார்பன் 1.2 சதவீதமும் வந்தபோது எல்லாம் தலைகீழாயிற்று. சாதாரண உருக்கைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் விறைத்துப்போகும். இது முக்கினால் பதமாயிற்று. இரும்பே முக்கால் பங்குக்கு மேல் இருந்தும் காந்தம் ஒட்டவில்லை. சம்மட்டியால் அடித்தால் அடிபட்ட இடம் மேலும் மேலும் கெட்டியானது, ஆனால் உடையவில்லை.

1883-இல் காப்புரிமை பெற்ற அந்த உருக்கு இன்றுவரை வேலை செய்கிறது. ரயில் பாதையில் தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராஸிங், கல்லுடைக்கும் கிரஷரின் தாடைத் தகடு எல்லாம் அதன் வம்சம்தான். முதல் உலகப் போரில் 1915-இல் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வந்த பிராடி தலைக்கவசமும் அந்த மாங்கனீஸ் உருக்கில் செய்யப்பட்டதுதான்.

அடித்தால் ஏன் கெட்டியாகிறது? நெடுநாள் சொல்லப்பட்ட பதில்: "உள்ளே மார்ட்டென்சைட்டாக மாறுகிறது." நானும் நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். வைவாவில் அதையே ஒப்பித்தேன். பேராசிரியர் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் காந்தத்தை எடுத்துக் கொடுத்து, "சனிக்கிழமை குவாரிக்குப் போய் தேய்ஞ்ச தாடைத் தகட்டுல வச்சுப் பாத்துட்டு வா" என்றார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய தகடு. எத்தனை ஆயிரம் டன் கருங்கல்லை மென்றதோ, முகம் கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தது. காந்தம் ஒட்டவில்லை. அங்கே நின்ற ஒரு பெரியவர், "தம்பி, அதுல ஒட்டாது. ஒட்டாததுனாலதான் அது மாங்கனீஸு" என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

மார்ட்டென்சைட்டாக மாறியிருந்தால் காந்தம் ஒட்டியிருக்கும். ஆக, அடிபட்ட ஹாட்ஃபீல்டு உருக்கு பெரும்பாலும் மாறாமலே கெட்டியாகிறது. படிக அடுக்குகள் கண்ணாடிப் பிம்பம் போல மடிந்து 'இரட்டை'களாவதும், கார்பன் அணுக்கள் உள்ளே நகரும் பிழைகளைக் கட்டிப்போடுவதும் அதற்குக் காரணங்கள் என்று எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு தெளிவாயிற்று. தஸ்தூர், லெஸ்லி என்ற இருவர் 1981-இல் எழுதிய ஆய்வு இதில் முக்கியமானது. அப்படியானால் உண்மையிலேயே மாறுவது எது? டம்ளர்தான்.

பெயர் வைத்தவர்களும் கண்டுபிடித்தவர்களும்

இங்கே இளைய தம்பி தங்கையருக்காகக் கொஞ்சம் பாடம். மூத்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

இரும்பு அணுக்கள் இரண்டு விதமாக அடுக்கிக்கொள்ளும். ஒன்று முகப்பு மையக் கனசதுரம், அது ஆஸ்டெனைட். நன்றாக நீளும், காந்தம் ஒட்டாது. இன்னொன்று பொருள் மையக் கனசதுரம், காந்தம் ஒட்டும். சாதாரண உருக்கில் ஆஸ்டெனைட் கொதிசூட்டில் மட்டும் இருக்கும். வேகமாகக் குளிரவைத்தால் அது மார்ட்டென்சைட் என்ற கெட்டியான உருவத்துக்குத் தாவும். பெர்லினில் நுண்ணோக்கி வழியே உலோகங்களைப் பார்த்த அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரை 1895-இல் அதற்கு வைத்தவர் பிரான்சின் ஃப்ளோரிஸ் ஓஸ்மாண்ட். ராபர்ட்ஸ்-ஆஸ்டென் பெயரில் ஆஸ்டெனைட் என்று சொன்னவரும் அவரே.

1924-இல் அமெரிக்காவின் எட்கர் பெயின், ஒரு அச்சில் அமுக்கி மற்ற இரண்டு அச்சில் விரித்தால் முதல் அடுக்கு இரண்டாவதாகிவிடும் என்று காட்டினார். எந்த அணுவும் பக்கத்து அணுவை விட்டு ஓடுவதில்லை. நம் என்.சி.சி. பரேடில் ஒரு சொல்லுக்கு முழு வரிசையும் அரை அடி நகருமே, அப்படித்தான். இந்த நகர்வு ஒருவகைச் சறுக்கல் என்பதால், வெளியிலிருந்து நாம் தள்ளினாலும் அது நடக்கலாம் அல்லவா? ஜெர்மனியின் எரிக் ஷைல் 1932-இல் இரும்பு–நிக்கல் கலவையில் விசை கொடுத்து அதைத்தான் பார்த்தார். குளிரவைக்காமலே, இழுத்தே ஆஸ்டெனைட்டை மார்ட்டென்சைட் ஆக்கலாம். 1953-இல் படேல், மோரிஸ் கோஹன் இருவரும் எவ்வளவு விசை எவ்வளவு குளிருக்குச் சமம் என்று கணக்கே போட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் 1912-இல் ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் மௌரரும் ஸ்ட்ராஸும் குரோமியமும் நிக்கலும் சேர்த்து, அறை வெப்பத்திலேயே ஆஸ்டெனைட்டாக நிற்கும் துருப்பிடிக்காத உருக்கைச் செய்திருந்தார்கள். நம் வீட்டு 18–8 எவர்சில்வரின் தாத்தா அது. அந்த ஆஸ்டெனைட் சும்மா நிற்கிறதே தவிர, உறுதியாக நிற்கவில்லை. நன்றாக இழுத்தால் மாறிவிடும். எவ்வளவு எளிதில் மாறும் என்பதற்கு 1954-இல் ஏங்கெல் என்பவர் ஓர் அளவுகோல் கொடுத்தார்: 30 சதவீத உருமாற்றத்தில் பாதி ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட் ஆகும் வெப்பநிலை எது? நிக்கலும் மாங்கனீஸும் கார்பனும் நைட்ரஜனும் கூடினால் அந்த வெப்பநிலை இறங்கும்; அதாவது மாற்றம் கடினமாகும். உருக்கு குளிர்ந்திருந்தால் மாற்றம் சுலபம். சூடாக இருந்தால் கஷ்டம்.

கழுத்து விழும் இடம்

சரி, மாறினால் நமக்கு என்ன லாபம்? இதுதான் பாடத்தின் சாரம்.

உருக்கை வலுவாக்கினால் நீளும் குணம் குறையும். நீளவிட்டால் வலிமை குறையும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிற வியாபாரம் இது. ஒரு கம்பியை இழுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எங்காவது ஓரிடம் சற்று ஒல்லியாகும். பிறகு எல்லா நீட்சியும் அங்கேயே குவிந்து, 'கழுத்து' விழுந்து, அறுந்துவிடும். பிரெஞ்சுப் பொறியாளர் கோன்சிடேர் 1885-லேயே இதற்கு விதி சொன்னார்: உருக்கு கெட்டியாகிக்கொண்டே வரும் வேகம், அதன் மேல் ஏறும் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும் வரை கழுத்து விழாது.

பேராசிரியர் இதை ஏரிக்கரை வைத்துச் சொன்னார். "மழை நாள்ல கரை முழுக்க மண் மூட்டை அடுக்க முடியுமா? எங்கே கசியுதோ அங்கே ஓடிப்போய் போடணும்." ஆஸ்டெனைட் அதைத்தான் செய்கிறது. எந்த இடம் ஒல்லியாகத் தொடங்குகிறதோ அங்கேதான் நீட்சி அதிகம். அங்கேதான் முதலில் மார்ட்டென்சைட் பிறக்கிறது. அது கெட்டி, அதோடு 2 முதல் 4 சதவீதம் பருத்தும் விடுகிறது. அந்த இடம் "இனி நான் நீள மாட்டேன்" என்று நிற்க, பக்கத்து இடம் நீள ஆரம்பிக்கிறது. அங்கே கசிந்தால் அங்கேயும் ஒரு மூட்டை. இப்படிக் கம்பி முழுக்கச் சீராக நீண்டு, வலிமையும் ஏறி, நீட்சியும் கூடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. மூட்டைகள் எல்லாம் ஆரம்பத்திலேயே தீர்ந்துபோனால், கரை உடையும் நேரத்தில் கையில் எதுவும் இருக்காது. மூட்டையே பிரியாமல் கடைசிவரை கிடந்தாலும் பிரயோஜனமில்லை. மாற்றம் நீட்சியோடு கூடவே, மெல்ல மெல்ல நடக்க வேண்டும்.

இந்தக் கருத்தை வேண்டுமென்றே ஓர் உருக்காகச் செய்துகாட்டியது கலிபோர்னியாவின் பெர்க்லி. 1967-இல் ஸாக்கே, பார்க்கர், ஃபார், புஷ் ஆகிய நால்வர் வெளியிட்டார்கள். 'உருமாற்றம் தூண்டும் நெகிழ்வு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'ட்ரிப்' என்றார்கள். குரோமியம் 9, நிக்கல் 8, மாலிப்டினம் 4 சதவீதம் என்று சேர்த்து, மிதமான சூட்டில் பலமாக உருட்டி எடுத்த உருக்கு அது. அந்த அளவு வலிமையுள்ள மற்ற உருக்குகள் 10 சதவீதம் நீளத் திணறியபோது இது 25-ஐயும் தாண்டியது. எங்கள் பேராசிரியர் அந்தக் கட்டுரையை நூலகத்தில் படித்துவிட்டுத்தான் டம்ளரோடு வகுப்புக்கு வந்திருக்கிறார். "விலை தங்க விலைப்பா. ஆனா ஒரு நாள் தெருவுக்கு வரும்" என்றார்.

என்னுடைய பதினோரு நாள்

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

1996. ஒரு பாத்திரத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. தகட்டை வட்டமாக வெட்டி, பிரஸ்ஸில் இரண்டு முறை இழுத்து, ஆழமான தூக்குப் போணி செய்வோம். செலவைக் குறைக்க நிர்வாகம் நிக்கல் குறைந்து மாங்கனீஸ் கூடிய புதுத் தகட்டை வாங்கியது. மற்றபடி எதையும் மாற்றவில்லை. சாயங்காலம் பார்த்தால் போணி பளபளவென்று இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவேன். காலையில் வந்தால் விளிம்பிலிருந்து அடி நோக்கி நேர்கோடாக விரிசல். ஒன்றில் மூன்று, நான்கு. யாரும் தொடவில்லை, ராத்திரி தானாக விட்டிருக்கிறது. அது மார்கழி, குளிர்ந்த காலை ஷிப்டில் இழுத்தவை இன்னும் மோசம்.

"டை செட்டிங் சரியில்லை, ஆபரேட்டர் அஜாக்கிரதை" என்று அறிக்கை எழுதினேன். எழுதியது நான்தான், வேறு யார் மேலும் பழி போடவில்லை. இருபது வருடம் பிரஸ் ஓட்டிய அண்ணன் ஒருவரை மெஷினிலிருந்து இறக்கிக் கழிவு பிரிக்கும் முற்றத்துக்கு அனுப்பினார்கள். சம்பளத்திலும் பிடித்தம். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க சார்" என்றார்.

அவர் போன பிறகும் போணிகள் வெடித்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பதினோராம் நாள் அவரே என் அறை வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் வெடித்த போணி. மறு கையில், இரும்புக் கழிவைத் தனியே பொறுக்கக் கொடுத்திருந்த காந்தம்.

"சார், ஒண்ணு காட்டலாமா? பழைய தகட்டுல செஞ்ச போணிக்கு விளிம்புல லேசாத்தான் புடிக்கும். இந்தப் புதுசு சடார்னு புடிக்குது சார். அடியில புடிக்கல. இழுத்த இடத்துல மட்டும்."

ஒரு கையில் பாத்திரம், ஒரு கையில் காந்தம். 23 வருடம் கழித்து அதே வகுப்பு. இந்த முறை பாடம் எடுத்தவர் வேறு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாம் இழுப்பில் விளிம்பு மிதமிஞ்சி மாறியிருந்தது. இந்தத் தகட்டில் கார்பனும் நைட்ரஜனும் கூடுதல் என்பதால் பிறந்த மார்ட்டென்சைட்டும் கூடுதல் கெட்டி. டையிலிருந்து வெளியே வந்த பிறகும் விளிம்பைச் சுற்றி இழுவிசை உள்ளேயே தங்கியிருந்தது. உருக்கில் எப்போதும் இருக்கும் துளியளவு ஹைட்ரஜனை ஆஸ்டெனைட் பொறுத்துக்கொள்ளும், மார்ட்டென்சைட் பொறுத்துக்கொள்ளாது. அந்த ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் சாயங்காலம் நல்ல போணி, காலையில் வெடித்த போணி. கழுத்து விழாமல் காப்பாற்றுகிற அதே மாற்றம், அளவு மீறிப்போய் விசையும் தங்கிவிட்டால், ராத்திரியில் உடைக்கும்.

மருந்து கஷ்டமானதில்லை. இரண்டு இழுப்புக்கும் நடுவில் ஒரு முறை அனீல் செய்தோம். கடைசி இழுப்பு முடிந்ததும் மறுநாளைக்கு வைக்காமல் அதே ஷிப்டில் இன்னொரு முறை உலையில் போட்டோம். ஆயிரம் டிகிரிக்கு மேல் காட்டி எடுத்தால் மார்ட்டென்சைட் மறுபடி ஆஸ்டெனைட் ஆகிவிடும், தங்கிய விசையும் போய்விடும். உலையிலிருந்து ஆறிவந்த முதல் போணியின் விளிம்பில் அண்ணனே காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. எரிபொருள் செலவு கூடியது என்று நிர்வாகம் முணுமுணுத்தது; வெடிப்பு நின்றதும் முணுமுணுப்பும் நின்றது.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். 'ஆபரேட்டர் தவறில்லை, தகட்டின் குணத்தைச் சோதிக்காதது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிரஸ்ஸும் பிடித்த சம்பளமும் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், தகடு மாறினதை யாரும் நமக்குச் சொல்லலையே" என்றார். 'நமக்கு' என்ற அந்தச் சொல் எனக்கு இன்னும் வலிக்கிறது. தகடு மாறியது எனக்குத் தெரியும். அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தெருவுக்கு வந்த உருக்கு

பேராசிரியரின் வாக்கு பலித்தது. 1975-இல் ஓல்சனும் கோஹனும் மாற்றம் எங்கே முளைக்கிறது என்று காட்டினார்கள்: சறுக்குப் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில். 1987-இல் ஜப்பானில் மட்சுமுராவும் கூட்டாளிகளும், கார்பன் 0.4, சிலிகான் 1.5, மாங்கனீஸ் 0.8 சதவீதம் மட்டும் உள்ள மலிவான உருக்கிலேயே ஆஸ்டெனைட்டை மிச்சம் வைத்துக் காட்டினார்கள். நிக்கலே வேண்டாம். பாதி ஆஸ்டெனைட் ஆகும் சூட்டில் நிறுத்தி, 400 டிகிரி அளவுக்கு இறக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால், சிலிகான் கார்பைடு உருவாகாமல் தடுக்க, கார்பன் எல்லாம் மிச்ச ஆஸ்டெனைட்டுக்குள் போய் அதை உறுதியாக்குகிறது. நூற்றில் 5 முதல் 15 பங்கு ஆஸ்டெனைட் போதும்.

இன்று கார்களின் உடற்கட்டில் 780 மெகாபாஸ்கல் வகை ட்ரிப் உருக்கு சகஜம். பிரஸ்ஸில் வடிவம் கொடுக்கும்போது கொஞ்சம் மாறும். மீதி ஆஸ்டெனைட் காத்திருக்கும். விபத்தில் கார் நசுங்கும்போது அந்த மீதி மாறி, மோதலின் சக்தியை உள்வாங்கும். ஹாட்ஃபீல்டின் வழியும் வீண்போகவில்லை. மாறாமல் 'இரட்டை'களால் கெட்டியாகும் மாங்கனீஸ் உருக்குகளை ஜெர்மனியில் ஃப்ரோமேயர் குழுவினர் 2000-ஐ ஒட்டி 'ட்விப்' என்ற பெயரில் வளர்த்தெடுத்தார்கள்.

இன்று படிக்கும் தம்பி தங்கையரே, உங்களிடம் எக்ஸ்-கதிர்க் கருவி உண்டு, கணினி உண்டு. எங்கள் காலத்தில் ஏங்கெல் சூத்திரத்தை ஸ்லைடு ரூலில் போடுவோம். நீங்கள் நொடியில் போடுவீர்கள். நல்லது. ஆனாலும் ஒரு வேண்டுகோள். எங்காவது ஒரு பொருள் உடைந்து, காரணம் எழுதச் சொல்லி உங்கள் முன்னால் ஒரு படிவம் வந்தால், 'ஆபரேட்டர் தவறு' என்ற கட்டத்தில் டிக் அடிக்கும் முன் எழுந்து ஷாப்புக்குப் போங்கள். தகடு மாறியதா என்று கேளுங்கள். மெஷினில் நிற்பவரிடம், "அண்ணே, நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேளுங்கள். பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்.

என் பையில் 1996-லிருந்து ஒன்று இருக்கிறது. சந்திப்பு நாளன்று மெஸ்ஸில் உட்காரும்போது கொண்டுவருகிறேன். பழைய டம்ளர் ஏதாவது மிச்சமிருந்தால் எடுத்து வையுங்கள். விளிம்பில் வைத்துப் பார்ப்போம்.